புதுக் குடியிருப்புக்குப் பாதாள சாக்கடை: குழாய் அளவுக்கு முன்னால் வாட்டம்

வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பம்போ மேல்நிலைத் தொட்டியோ தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியே போகும் தண்ணீரைத் தள்ள யாரும் இல்லை. பள்ளம் பார்த்து அதுவாகத்தான் போக வேண்டும். பாதாள சாக்கடையில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறந்ததால் வந்தவை. குடிநீர்க் குழாயை மேட்டில் ஏற்றி இறக்கலாம், வழியில் பாறை வந்தால் வளைத்துக்கொண்டு போகலாம். கழிவுநீர்க் குழாய்க்கு அந்த வசதி கிடையாது. அது அழுத்தத்தில் ஓடுவதில்லை. கீழே தண்ணீரும் மேலே காற்றுமாக, மண்ணுக்குள் மூடிவைத்த வாய்க்கால் போல ஓடுகிறது. வாய்க்காலுக்கு வாட்டம்தான், அதாவது ஓடும் திசையில் உள்ள சரிவுதான், உயிர்.

ஆகவே "எத்தனை அங்குலக் குழாய் போடலாம்?" என்பது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. இந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழப்போகிறது, அந்த இடத்தின் மட்டம் என்ன என்பதை முதலில் கேளுங்கள்.

கடைசி முனையிலிருந்து தொடங்குங்கள்

புதுக் குடியிருப்பின் கழிவுநீர் இரண்டில் ஓர் இடத்துக்குப் போகும்: ஏற்கெனவே பக்கத்தில் ஓடும் பெரிய கழிவுநீர்க் குழாய், அல்லது புதிதாகக் கட்டும் சுத்திகரிப்பு நிலையம். எதுவானாலும், போய்ச் சேரும் இடத்தில் குழாயின் உள்அடிமட்டம் எவ்வளவு என்று தெரியாமல் வரைபடத்தில் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. பழைய வரைபடத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். மேன்ஹோல் மூடியைத் திறந்து, மேலிருந்தபடியே லெவல் ஸ்டாஃபை (அளவு குறித்த நீண்ட கோலை) இறக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் அதே பென்ச்மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான அடையாளத்திலிருந்து) மட்டம் எடுக்க வேண்டும். அரை மீட்டர் பிசகினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கில் பாருங்கள்.

தெருவில் போடும் மிகச் சிறிய குழாய் பொதுவாக 200 மி.மீ. விட்டம். அதற்குக் குறைந்தபட்ச வாட்டம் 250க்கு 1, அதாவது 250 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு 4 மீட்டர். நிலம் தட்டையாக இருந்து, முதல் வீட்டருகே குழாய் 1.2 மீட்டர் ஆழத்தில் தொடங்கினால், மறுமுனையில் அது 5.2 மீட்டர் ஆழத்தில் இருக்கும். நிலம் இயல்பாகவே அந்தத் திசையில் 3 மீட்டர் சரிந்தால் 2.2 மீட்டர் போதும். எதிர்த்திசையில் 2 மீட்டர் ஏறினாலோ 7.2 மீட்டர் தோண்ட வேண்டும். 250க்கு 1 வாட்டத்தில் அரை மீட்டர் என்பது 125 மீட்டர் தூரத்தின் மொத்த இறக்கம். அளவெடுத்ததில் அவ்வளவு பிழை இருந்தால், வேலை பாதியில் இருக்கும்போது மொத்தக் குழாயையும் பெயர்த்து எடுக்க நேரும்.

எனவே ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டும் சமமட்டக் கோட்டு வரைபடம்தான் முதல் ஆவணம். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறதோ, கூடியவரை அந்தப் பக்கமே குழாயும் போகட்டும். தெருக்களின் வரைபடம் இன்னும் முடிவாகவில்லை என்றால் இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒரு தெருவைச் சற்றுத் திருப்பிப் போட்டாலே ஒரு பம்பு நிலையத்தைத் தவிர்த்துவிடலாம். வீடுகள் வந்தபின் அந்த வாய்ப்பு திரும்பி வராது.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: குடியிருப்பிலேயே தாழ்வான மனை எது? அதன் தரைத்தளக் கழிப்பறை, நிலவறை இருந்தால் நிலவறையின் தரை, எந்த மட்டத்தில் வரும்? அங்கிருந்து வீட்டுக் குழாய் வாட்டத்தோடு வந்து தெருக் குழாயில் மேலிருந்து சேர வேண்டும். இதைச் சரிபார்க்காமல் விட்டால், அடைப்பு ஏற்படும் ஒவ்வொரு முறையும் தெருவின் மொத்தக் கழிவும் அந்த ஒரு வீட்டுக் குளியலறையில் பொங்கும்.

எவ்வளவு கழிவுநீர் வரும்?

கணக்கு எளியது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழங்கும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று எடுத்துக்கொள்வார்கள். மீதி செடிக்கும் தரைக்கும் ஆவியாகவும் போய்விடுகிறது. ஒருவருக்கு 135 லிட்டர் வழங்கினால் 108 லிட்டர் திரும்பும். முழுவதும் நிரம்பியபின் 20,000 பேர் வாழப்போகும் குடியிருப்பு என்றால், நாளொன்றுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு 25 லிட்டர்.

ஆனால் இது சராசரி. நள்ளிரவில் யாரும் குளிப்பதில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லாரும் குளிக்கிறார்கள். இந்த உச்ச நேரத்துக்காகச் சராசரியைக் குறிப்பிட்ட மடங்கால் பெருக்குவது வழக்கம். 20,000 பேர் வரை உள்ள பகுதிக்கு 3 மடங்கு எடுத்துக்கொள்ளலாம். மக்கள்தொகை கூடக்கூட இந்த மடங்கு குறையும். பல லட்சம் பேர் வாழும் நகரில் 2 அளவுக்கு வந்துவிடும். எல்லாரும் ஒரே நிமிடத்தில் குழாயைத் திறப்பதில்லை, கூட்டம் பெருகும்போது ஏற்ற இறக்கம் தானாகவே சமனாகிறது. நம் கணக்கில் உச்சம் விநாடிக்கு 75 லிட்டர்.

இதோடு நிலத்தடி நீரையும் சேர்க்க வேண்டும். குழாய் இணைப்புகளிலும் மேன்ஹோல் சுவர்களிலும் அது கசிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். நீர்மட்டம் மேலே இருக்கும் ஊரில் இதைச் சேர்க்காமல் விட்டால் சுத்திகரிப்பு நிலையம் பாதி நாள் ஊற்றுநீரைத்தான் சுத்திகரித்துக்கொண்டிருக்கும். நல்ல வேலைப்பாட்டுக்கு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 5,000 லிட்டர் என்று வைத்தால், 100 ஹெக்டேர் பரப்புக்கு விநாடிக்குக் கிட்டத்தட்ட 6 லிட்டர். ஆக மொத்தம் 81 லிட்டர்.

இந்த 20,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்க வேண்டும். குழாய்களை 30 ஆண்டு எதிர்காலத்துக்குத் திட்டமிடுவது பொதுவான நடைமுறை. இன்று தனி வீடாக இருக்கும் மனை அதற்குள் நான்கு மாடிக் குடியிருப்பாக மாறலாம். கட்டட விதிகள் அந்த இடத்தில் அதிகபட்சம் எவ்வளவு கட்ட அனுமதிக்கின்றன என்பதைப் பார்த்து எண்ண வேண்டும். இன்றைய வீடுகளை எண்ணி ஒரு சதவீதத்தைக் கூட்டிப் போடுவது போதாது.

ஒரே குழாய்க்கு இரண்டு கணக்கு

புதிதாக வருபவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். "எதற்கும் இருக்கட்டும், பெரிய குழாயாகப் போட்டுவிடலாம்" என்ற எண்ணம் இயல்பானது. கழிவுநீர்க் குழாயில் அது தவறு. பெரிய குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால், அது பரந்து, மெலிந்து, மெதுவாக ஓடும். மலமும் மணலும் வழியிலேயே படிந்துவிடும், தண்ணீர் மட்டும் மேலே நகர்ந்து போகும். படிந்தது தானாகக் கரையாது, இறுகும். குழாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ள வேண்டுமானால் நாளுக்கு ஒரு முறையாவது, உச்ச நேரத்தில், நீரின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டரைத் தொட வேண்டும். மேல் எல்லை சுமார் 3 மீட்டர். அதற்கு மேல் மணல் குழாயை அரிக்கும்.

அதனால் ஒரு குழாய்க்கு இரண்டு கணக்கு போட வேண்டும். முப்பதாம் ஆண்டின் உச்ச ஓட்டத்தை அது தாங்குமா? முதல் சில ஆண்டுகளில், பாதி மனைகள் காலியாக இருக்கும்போதும், தன்னைக் கழுவிக்கொள்ளுமா?

வேகத்தைக் கணக்கிட அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதற்குத் தேவைப்படுபவை குழாயின் அளவு, வாட்டம், உட்புறச் சொரசொரப்பு ஆகிய மூன்றும். சொரசொரப்பு எண்ணை 0.013 என்று வைத்து நம் 81 லிட்டரைப் பொருத்திப் பார்ப்போம். 400 மி.மீ. குழாய், வாட்டம் 400க்கு 1: முழுதாக நிரம்பினால் விநாடிக்கு 104 லிட்டர் போகும். குழாயை 0.8 பங்கு ஆழத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. மேலே காற்று போக வழி வேண்டும், எதிர்பாராத வரத்துக்கு இடமும் வேண்டும். அந்த ஆழத்தில் 102 லிட்டர். 81க்குத் தாராளம்.

இப்போது தொடக்க ஆண்டு. 3,000 பேர்தான் குடிவந்திருக்கிறார்கள். சராசரி 3.75 லிட்டர், உச்சம் 11 லிட்டர் சொச்சம். அதே குழாயில் வேகம் 0.54 மீட்டர்தான் வருகிறது. போதாது, மணல் படியும்.

வாட்டத்தை 300க்கு 1 ஆக்கிப் பாருங்கள். அதே 400 மி.மீ. குழாயில் தொடக்க ஆண்டின் வேகம் ஏறக்குறைய 0.6 ஆகிவிடுகிறது. இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: இந்த வாட்டத்தில் 350 மி.மீ. குழாயே 0.8 ஆழத்தில் 82 லிட்டர் கொண்டுபோகும். அதாவது, குழாயைப் பெரிதாக்காமல் வாட்டத்தைக் கூட்டினால் சின்னக் குழாயும் போதும், சுத்தமாகவும் ஓடும். இதற்கான விலை ஆழம். கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர் இறங்கியது இப்போது 3.3 மீட்டர் இறங்கும், 80 செ.மீ. கூடுதலாகத் தோண்ட வேண்டும். மண் நல்ல மண்ணாக, நீர்மட்டம் கீழே இருந்தால் அந்த 80 செ.மீ. தோண்டுவதே மேல். 350ஆ 400ஆ என்றால், 81க்கு 82 என்று விளிம்பில் நிற்பதைவிட 400தான் எங்கள் தேர்வு. ஆனால் வாட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

தெருக்கோடியில் மட்டும் எந்தக் கணக்கும் கைகொடுக்காது. கடைசி 30 வீடுகளில் 150 பேர். உச்ச ஓட்டமே விநாடிக்கு அரை லிட்டர் சொச்சம். 200 மி.மீ. குழாயில் 250க்கு 1 வாட்டத்தில் 0.3 மீட்டர் வேகம்கூட வராது. 100க்கு 1 வைத்தாலும் 0.4க்குள்தான். அங்கே கிடைக்கும் அளவு செங்குத்தாக வாட்டம் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் தொட்டித் தண்ணீரை ஒரே வீச்சில் திறந்துவிட்டுக் கழுவ ஏற்பாடு செய்வதே வழி. குழாயை 150க்குக் குறைக்கலாமே என்று தோன்றும். தெருக் குழாயில் துணியும் தேங்காய் நாரும் நாப்கினும் வரும். அவற்றுக்காகத்தான் 200 என்ற கீழ் எல்லையே.

மழைநீர் உள்ளே வரக் கூடாது

ஒரு வீட்டு மொட்டை மாடி 100 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. மழை பெய்தால் அதிலிருந்து விநாடிக்கு 1.4 லிட்டர் இறங்கும். ஐந்து பேர் வாழும் ஒரு வீட்டின் உச்ச நேரக் கழிவுநீரோ விநாடிக்கு 0.019 லிட்டர்தான். ஒரே ஒரு மாடியின் மழைநீர்க் குழாயை யாரோ வசதிக்காகச் சாக்கடையில் திருப்பிவிட்டால், எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகளின் கழிவுநீருக்கான இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. நாற்பது மாடிகள் போதும், நாம் போட்ட கணக்கு கவிழ்ந்து மழைநாளில் மேன்ஹோல் மூடிகள் எழும்பும். அதனால் மழைநீர் வடிகாலைப் பாதாள சாக்கடையோடு சேர்த்தே, அல்லது அதற்கு முன்பே, கட்ட வேண்டும். வடிகால் இல்லாத தெருவில் மக்கள் மழைநீரை வேறெங்கு விடுவார்கள்?

மேன்ஹோல்

குழாய் திரும்பும் இடம், வாட்டம் மாறும் இடம், அளவு மாறும் இடம், இரண்டு குழாய் சேரும் இடம் என ஒவ்வொன்றிலும் ஒரு மேன்ஹோல். இடையில் குழாய் நேர்கோடாக மட்டுமே போக வேண்டும். மூங்கில் பிளாச்சால் அடைப்பெடுத்த காலத்தில் 30 மீட்டருக்கு ஒன்று வைத்தார்கள். இப்போது அழுத்தத்தோடு தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் வண்டியின் குழல் எட்டும் தூரத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுகிறார்கள். அந்த வண்டி தெருவுக்குள் வந்து மூடியருகே நிற்க முடியுமா என்பதையும் வரைபடத்திலேயே பார்த்துவிட வேண்டும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவர் திரும்புவதில்லை. மனிதர் உள்ளே இறங்கித்தான் சுத்தம் செய்ய முடியும் என்ற நிலையில் ஒரு மேன்ஹோலைக்கூட வடிவமைக்கக் கூடாது. திட்டம் போடுபவரின் மேசையில் தொடங்கும் பொறுப்பு இது.

உள்ளே கவனிக்க வேண்டியவை சில. சின்னக் குழாய் பெரிய குழாயில் சேரும்போது அடிமட்டத்தை அடிமட்டத்தோடு ஒட்டக் கூடாது. உச்சியை உச்சியோடு ஒட்ட வேண்டும். இல்லையேல் பெரிய குழாய் நிரம்பும்போது சின்னதற்குள் எதிர்த்தேங்கி, அங்கே வண்டல் படியும். உள்ளே வரும் குழாய் 60 செ.மீ.க்கு மேல் உயரத்தில் இருந்தால், கழிவு அருவி போல விழாமல் செங்குத்துக் குழாய் வழியாக இறங்க வேண்டும். மேன்ஹோலின் தரை தட்டையாக இருக்கக் கூடாது: குழாயின் தொடர்ச்சியாக அரைவட்ட வாய்க்கால், இருபுறமும் அதை நோக்கிச் சரியும் சிமென்ட் திண்டு. தட்டைத் தரை என்றால் அதுவே ஒரு குட்டி செப்டிக் டேங்க் ஆகிவிடும்.

பம்பு எப்போது?

ஆழம் 5, 6 மீட்டரைத் தாண்டினால், தொடர்ந்து தோண்டுவதா, கழிவுநீரைச் சேகரித்து மேலேற்றுவதா என்று ஒப்பிட வேண்டும். தோண்டும் செலவு ஒரு முறை. பம்புக்கு மின்சாரமும் ஆளும் பழுதும் ஒவ்வொரு நாளும். ஒப்பிடும்போது 30 ஆண்டு மின்கட்டணத்தையும் சேர்த்தே பாருங்கள். பம்புதான் என்று முடிவானால், மிகத் தாழ்வான மூலையில் அதற்கு நிலம் ஒதுக்குவதை மனைகளை விற்குமுன் முடித்துவிட வேண்டும். ஒரு பம்பு பழுதானாலும் மற்றவை உச்ச ஓட்டத்தைத் தாங்க வேண்டும், மின்தடைக்கு ஜெனரேட்டர் வேண்டும், சேகரிப்புக் கிணற்றில் கழிவுநீர் அரை மணிக்கு மேல் தங்கக் கூடாது.

பலரும் கவனிக்கத் தவறுவது பம்பிலிருந்து போகும் அழுத்தக் குழாயை. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு 250 மி.மீ. குழாய் போட்டால் அதன் கொள்ளளவு 73,000 லிட்டருக்கு மேல். முதல் ஆண்டுகளில் விநாடிக்கு 3.75 லிட்டர்தான் வருகிறது. ஆக, கழிவுநீர் அந்தக் காற்றில்லாக் குழாயில் சராசரியாக ஐந்தரை மணி நேரம் கிடக்கும். உள்ளே சல்பைடு உருவாகி, அடுத்த மேன்ஹோலில் வெளிப்பட்டு, சுவரின் ஈரத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாக மாறும். அந்த மேன்ஹோலின் கான்கிரீட் சில ஆண்டுகளில் விரலால் சுரண்டினால் உதிரும் மாவாகிவிடும். 200 மி.மீ. குழாய் இரண்டு போட்டு, முதலில் ஒன்றை மட்டும் இயக்கினால் மூன்றரை மணியாகக் குறையும். கழிவு வந்து விழும் மேன்ஹோலுக்கு அமிலம் தாங்கும் உட்பூச்சு கண்டிப்பாக வேண்டும்.

பதிக்கும் நாளில்

காகிதத்தில் போட்ட வாட்டம் மண்ணுக்குள் போகும்போதுதான் கெடுகிறது. 300க்கு 1 வாட்டத்தில் 6 மீட்டர் நீளக் குழாய் ஒன்று மொத்தமாக இறங்குவது 20 மி.மீ. மட்டுமே. கீழ்முனையில் ஒரு கட்டைவிரல் கனமுள்ள கல் சிக்கினால் அந்த வாட்டம் முழுவதும் போய்விட்டது. எனவே கண்மதிப்புக்கு இங்கே இடமில்லை. ஒவ்வொரு குழாய்க்கும் லேசர் அல்லது லெவல் கருவியால் பார்க்க வேண்டும். அடியில் 100 முதல் 150 மி.மீ. மணல் அல்லது பொடி ஜல்லிப் படுகை. வேலையைத் தாழ்ந்த முனையில் தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும், குழாயின் அகன்ற வாய் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பிவிசி, எச்டிபிஇ போன்ற வளையும் குழாய்களின் பலம் பெரும்பாலும் இருபுறமும் இறுக்கிய மண்ணில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் அடுக்கடுக்காக இறுக்காமல் மண்ணைக் கொட்டினால் வட்டக் குழாய் நீள்வட்டமாக நசுங்கும். ஆழம் ஒன்றரை மீட்டரைத் தாண்டிய குழியில் பலகைத் தடுப்பில்லாமல் யாரையும் இறக்கக் கூடாது.

குடிநீர்க் குழாயிலிருந்து கிடைமட்டத்தில் 3 மீட்டர் தள்ளியே இருக்கட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் குடிநீர் மேலே, கழிவுநீர் கீழே, நடுவில் அரை மீட்டர் இடைவெளி.

மூடுவதற்கு முன் ஒரு மேன்ஹோலில் விளக்கைப் பிடித்து மறு மேன்ஹோலில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குழாய் முழு வட்டமாகத் தெரிந்தால் நேராக இருக்கிறது. வட்டத்தின் மேற்பகுதியோ கீழ்ப்பகுதியோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் நடுவில் எங்கோ தொய்வோ மேடோ இருக்கிறது. பிறகு தண்ணீர் நிரப்பி இணைப்புகளில் கசிவு பார்க்க வேண்டும். மண் மூடியபின் கேமரா விட்டு இன்னொரு முறை.

எதை இப்போது, எதைப் பிறகு

முதன்மைக் குழாயைப் பகுதி பகுதியாகப் பெரிதாக்க முடியாது. சாலைக்கு அடியில் ஒரு முறைதான் தோண்டுவோம். அதை இறுதி அளவிலேயே போட்டுவிட வேண்டும். பம்பு 15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள் என்பதால் முதல் கட்டத்துக்கு ஏற்றதை வாங்கினால் போதும், கிணற்றில் மட்டும் கூடுதல் பம்புக்கு இடம் விடுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தையும் இரண்டு, மூன்று அலகுகளாகப் பிரித்துக் கட்டலாம்.

காலி மனைகளுக்கும் இப்போதே இணைப்பு விட்டுவிட வேண்டும். தெருக் குழாயில் 'ஒய்' இணைப்பு (Y வடிவக் கிளை) வைத்து, மனையின் எல்லைவரை 150 மி.மீ. குழாயை வாட்டத்தோடு இழுத்து, முனையைக் கசியாத மூடியால் அடைக்க வேண்டும். இதைச் செய்யாத தெருவில், பிறகு வீடு கட்டுபவர் தெருக் குழாயை உளியால் உடைத்துத் தன் குழாயை உள்ளே நீட்டிவிடுவார். நீட்டிய அந்த நான்கு விரல் முனையில்தான் முதல் துணி மாட்டும். ஆனால் இணைப்பு விட்டிருந்தும் அது எங்கே என்று தெரியாவிட்டால் உளிதான் வரும். ஆகவே ஒவ்வொரு 'ஒய்' இணைப்பும் கீழ்நிலை மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டரில், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குழி திறந்திருக்கும்போதே அளந்து எழுத வேண்டும். அதன் ஒரு படி பராமரிப்பு அலுவலகத்துக்கும், இன்னொன்று மனை வாங்குபவரின் கைக்கும் போக வேண்டும்.